வாசலில் பலகை, பார்க்கிங்கில் துப்பாக்கி: டெக்சஸ் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சஸ் மாநிலத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பொங்கல் விழாவோ, சித்திரைத் திருவிழாவோ, தீபாவளிக் கலைநிகழ்ச்சியோ, எதை நடத்தினாலும் அரங்க வாசலில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை என்று ஒரு பலகை வைக்கிறீர்கள். வைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பலகை எப்போது கண்ணில் படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். காரை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசல்வரை நடந்து வந்தவருக்குத்தான் அது தெரிகிறது. இடுப்பில் துப்பாக்கி இருந்தால் அவர் வீட்டுக்கா திரும்பப் போவார்? காருக்குப் போவார். கிளவ் பாக்ஸில் திணித்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் பந்தி வரிசையில் வந்து நிற்பார். துப்பாக்கி இப்போது ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஆளில்லாத இடத்தில், மூன்று மணி நேரம் இருக்கப்போகிறது.

துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி தருகிறவர்களும், சுடும் பயிற்சித் தளங்களான ரேஞ்சுகளில் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்கிறவர்களுமான தமிழர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. உங்கள் உறுப்பினர்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது தரும் கவனத்தை நிறுத்திவைத்த வண்டிக்கு அவர்கள் தருவதில்லை. உங்கள் அறிவிப்புகளும் வாசலோடு நின்றுவிடுகின்றன. இந்த இரண்டும் மாற வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

கார் என்பது பூட்டிய இடம் என்ற நினைப்பில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. 2017 முதல் 2021 வரை அமெரிக்காவில் தனியாரிடமிருந்து திருடுபோன துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல் என்று கூட்டாட்சித் துப்பாக்கித் துறையான ஏ.டி.எஃப். கணக்குச் சொல்கிறது. காவல்துறைகள் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பும் தரவை எவ்ரிடவுன் அமைப்பு ஆராய்ந்தபோது, 2022இல் திருட்டென்று பதிவானவற்றில் பாதிக்குச் சற்று மேல் வண்டிகளிலிருந்து போனவை என்று தெரிந்தது. எவ்ரிடவுன் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கிற அமைப்பு, அதனால் சிலர் முகம் சுளிக்கலாம். எங்களுக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று: இப்படிப் போனவற்றில் பெரும்பகுதி கடைத்தெருவிலோ மைதானத்திலோ போகவில்லை, வீட்டு வாசலில், டிரைவ்வேயில் நின்ற வண்டியிலிருந்து போயிருக்கிறது. டென்னசியின் நாஷ்வில் காவல்துறை வாராவாரம் எத்தனை துப்பாக்கிகள் வண்டியிலிருந்து போயின என்று வெளியிடுகிறது. அந்த அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது, பூட்டாத கதவும் உள்ளேயே விட்ட சாவியும்தான்.

திருடர் ஒரு வண்டியில் செலவழிப்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. முதலில் வரிசையாகக் கதவுப் பிடிகளை இழுத்துப் பார்ப்பார். திறக்காவிட்டால், வண்டியில் ஏதாவது இருக்கும் என்று தோன்றினால் மட்டுமே கண்ணாடியை உடைப்பார். தோன்ற வைப்பது நாம்தான்: பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர், இருக்கையில் கிடக்கும் வெற்று ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), ரேஞ்சுப் பை, தோட்டா அட்டைப்பெட்டி. உள்ளே கை நுழைந்ததும் கிளவ் பாக்ஸ், நடுக் கன்சோல், இருக்கைக்கு அடி, கதவுப் பை, முதுகுப்பை என்று போகும். நம்மவர்கள் துப்பாக்கி வைக்கும் இடங்களும் அதே வரிசைதான்.

2015இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கூட்டாட்சி நில மேலாண்மைத் துறை ரேஞ்சர் ஒருவர் காரில் விட்டிருந்த பையிலிருந்து, ஜூன் 27 அன்று கண்ணாடியை உடைத்து அவருடைய கைத்துப்பாக்கியைத் திருடினார்கள். நான்கே நாளில், ஜூலை 1 அன்று, 14ஆம் எண் படகுத்துறையில் அந்தத் துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டு தரையில் பட்டுத் தெறித்து கேட் ஸ்டைன்லி என்ற பெண்ணின் உயிரைக் குடித்தது. பயிற்சி பெற்ற அதிகாரியின் துப்பாக்கி அது. அதற்குப் பிறகுதான் கலிஃபோர்னியா, ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டால் டிக்கியிலோ கண்ணில் படாத பூட்டிய பெட்டியிலோதான் இருக்க வேண்டும் என்று 2017 ஜனவரி முதல் சட்டமாக்கியது. காவலர்களையும் அது விடவில்லை. கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல் கைத்துப்பாக்கி கெட்டியான பூட்டிய பெட்டியில், கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வண்டியும் பூட்டியிருக்க வேண்டும். டெக்சஸில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் பழக்கம்தான் காப்பாற்ற வேண்டும். பழக்கத்தை உண்டாக்கச் சங்கத்தால் முடியும்.

தமிழ்ப் பள்ளிகளுக்கு இன்னொரு சங்கதி இருக்கிறது. உங்களில் பலர் சனி, ஞாயிறுகளில் அரசுப் பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துகிறீர்கள். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 1,000 அடிக்குள்ளும் துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 1990இல் வந்தது. சான் ஆண்டோனியோ பள்ளி மாணவர் ஒருவரின் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மறு ஆண்டே காங்கிரஸ் திருத்தி மீண்டும் கொண்டுவந்தது. இன்றும் அமலில் இருக்கிறது. அன்று விடுமுறை என்பதால் அது விலகி நிற்பதில்லை. பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. உரிமம் இல்லாதவர் என்றால், தோட்டா அகற்றிய துப்பாக்கி பூட்டிய பெட்டியிலோ வண்டியில் பொருத்திய பூட்டிய தாங்கியிலோ இருந்தால் மட்டும் விலக்கு. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்றானதும், இனி எதற்கு உரிமம் என்று இருந்துவிட்டவர்கள் பலர். அவர்கள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கன்சோலில் வைத்துக்கொண்டு பிள்ளையை அ, ஆ படிக்கக் கொண்டுவந்து விட்டால், மாநிலச் சட்டத்தில் தப்பித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். 5 ஆண்டுவரை சிறைக்கு இடமுள்ள குற்றம் அது. மாநில உரிமம் வாங்கி வைத்துக்கொள்வது இன்றும் புத்திசாலித்தனம் என்று நாங்கள் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுற்றுலா, பிக்னிக் விஷயத்திலும் இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லூயிஸ்வில், கிரேப்வைன் போன்ற ஏரிகள் இராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் இருப்பவை. அந்தப் படை நேரடியாக நடத்தும் பூங்காக்களில், வேட்டை போன்ற சில விலக்குகள் தவிர, நிரப்பிய துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தடை. கார் நிறுத்துமிடத்துக்கும் அது பொருந்தும். நகராட்சி குத்தகைக்கு எடுத்து நடத்தும் பகுதிகளில் விதி வேறாக இருக்கும் என்பதால் இடம் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அஞ்சல் நிலையத்திலோ கட்டடம் மட்டுமல்ல, பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்குள் வைப்பதும் கூடாது.

இன்னொரு சிக்கல் நம்மவர்களுக்கே உரியது. அதைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் அறிவுரைகளில் அநேகமாக ஒரு வரிகூட இருக்காது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா என்று குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்குத் தடையில்லை. இப்போது வழக்கமான ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மாமாவுக்குக் கிரீன் கார்டு, மருமகனுக்கு எச்-1பி. மாமாவின் வண்டியை மருமகன் ஓட்டிக்கொண்டு போகிறார், கன்சோலில் துப்பாக்கி இருப்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார் என்று நிரூபணமானால் 15 ஆண்டுவரை தண்டனைக்கு இடமிருக்கிறது. துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கும் வழி திறந்துவிடும். வண்டிச் சாவியைக் கைமாற்றும் முன் பெட்டியைக் காலிசெய்வது என்பதை வீட்டு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வேலட் பார்க்கிங், மெக்கானிக், கார் வாஷ், எல்லாவற்றுக்கும் இதே விதி.

சரி, எடுத்துக்கொண்டு வந்தே ஆக வேண்டிய நிலை என்றால் எங்கே வைப்பது? வண்டியின் வகையைப் பொறுத்தது.

செடான் டிக்கி நல்ல இடம்தான், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. கண்ணாடியை உடைத்தவர் உள்ளிருந்தே டிக்கி பொத்தானை அழுத்துவார். பல கார்களில் இந்தப் பொத்தானைச் செயலிழக்கச் செய்யும் சுவிட்ச் கிளவ் பாக்ஸுக்குள்ளோ டிக்கி மூடியிலோ இருக்கும். புதிய வண்டிகளில் திரையில் வேலட் முறை என்று இருக்கும். கையேட்டைப் பார்த்து அதைப் போட்டுவையுங்கள். பின்னிருக்கையை மடக்கும் நெம்புகோலுக்குப் பூட்டு இருந்தால் அதையும் பூட்டுங்கள். ஏனென்றால் 2001 செப்டம்பருக்குப் பின் தயாரான அமெரிக்கச் செடான்களில் டிக்கிக்குள் இருட்டில் ஒளிரும் அவசரப் பிடி ஒன்று இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தை வெளியே வருவதற்காகக் கட்டாயமாக்கியது அது. இருக்கையை மடக்கிக் கைவிட்டால் திருடருக்கும் அது திறக்கும். ஆகவே டிக்கிக்குள்ளும் ஒரு பெட்டி வேண்டும்.

எஸ்.யூ.வி.க்கும் மினிவேனுக்கும் தனி டிக்கி கிடையாது. பின்கண்ணாடிக்குள் எல்லாம் ஒரே அறை. நல்ல இடம் என்றால் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் உள்ள பள்ளம், அல்லது சரக்குத் தளத்தின் மூடிக்கு அடியில் உள்ள அறை. டெஸ்லா மாடல் ஒய்யின் பின்பக்கத் தளத்துக்குக் கீழே ஆழமான குழி இருக்கிறது. அங்கே பெட்டியை வைத்து, வண்டியில் உறுதியான உலோகப் பிடிப்பு இருந்தால் அதில் பிணைக்கலாம். பிக்கப்பில் பின் தளத்துக்குக் குறுக்கே வைக்கும் கருவிப் பெட்டியை நம்பவே வேண்டாம். அவை பெரும்பாலும் வெறும் கொக்கி போல்ட்டில் நிற்பவை. கடப்பாரையால் நெம்பினால் பெட்டியோடு போய்விடும். பின்னிருக்கைக்கு அடியில் நீளவாக்கில் பொருத்தும் எஃகுப் பெட்டி அதைவிடப் பல மடங்கு மேல்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பணம் வீணாவது இங்கேதான். கடையில் 30, 40 டாலருக்குக் கிடைக்கும் கம்பி இணைத்த சிறு பெட்டிகளின் தகடு பொதுவாக 18 அல்லது 16 கேஜ். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்: 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.5, 12 கேஜ் 2.7. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டைப் பெரிய ஸ்க்ரூடிரைவரால் மூலையில் நெம்பித் திறக்கலாம். கம்பியோ, 24 அங்குல போல்ட் கட்டரில் ஒரே அழுத்து. அதனால் பயனில்லை என்று அர்த்தமில்லை. அவசரத்தில் வெறுங்கையோடு வருகிறவரை அது நிறுத்தும். கருவியோடு வருகிறவரை நிறுத்தாது. இரண்டாமவருக்குத்தான் மறைவான இடமும், தடித்த தகடும், வண்டியோடு முடுக்கிய போல்ட்டும்.

கம்பியில் கட்டுவதானால் இருக்கைச் சட்டத்தின் மூடிய பகுதியைச் சுற்றிக் கட்டுங்கள். சில இருக்கைத் தண்டவாளங்களின் முனை திறந்திருக்கும். கம்பியைப் பக்கவாட்டில் உருவினால் அப்படியே வந்துவிடும். கட்டிய பிறகு இரண்டு கையாலும் எல்லாத் திசையிலும் இழுத்துப் பாருங்கள். தொய்வு விடாதீர்கள். தொய்வு இருந்தால் பெட்டியை வெளியே இழுத்து வசதியாக வெட்டலாம். இறுக்கமாக இருந்தால் கட்டரின் வாய் நுழைவதே சிரமம். குழந்தை இருக்கைக்கான கொக்கி வளையத்தில் கட்டுகிறவர்கள் உண்டு. குழந்தை இருக்கையை மாட்டும் நாளில் இரண்டில் ஒன்று ஒழுங்காக நிற்காது. இருக்கைப் பாதுகாப்புப் பட்டையின் போல்ட்டை எக்காரணத்துக்கும் தொடக்கூடாது.

தளத்தில் துளையிட்டு முடுக்குவது உறுதியானது, ஆபத்தும் அதில்தான் அதிகம். மின்சார வண்டியில் தளத்துக்கு நேர் கீழே பேட்டரி, துளையிடவே கூடாது. ஹைபிரிடில் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பி அடியில் ஓடும். டொயோட்டா சியன்னாவில் பேட்டரியே முன்னிருக்கைகளுக்குக் கீழ். பெட்ரோல் வண்டியிலும் எரிபொருள் குழாய், பிரேக் குழாய், கம்பிக் கட்டு எங்கே போகிறது என்று வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் துளைபோட நினைக்காதீர்கள். தளத் தகடு 1 மில்லிமீட்டருக்கும் மெலிது என்பதால் வெறும் வாஷர் போதாது. அடிப்பக்கம் 3 மில்லிமீட்டர் எஃகுப் பட்டை வைத்து, 3/8 அங்குல போல்ட் நான்கு, தலை வெளியே, மரை பெட்டிக்குள் என்று முடுக்க வேண்டும். துளையின் ஓரத்துக்குத் துரு தடுக்கும் பூச்சு, மேலே சீலன்ட். இருக்கை போல்ட்டிலேயே பட்டையைச் சேர்த்து முடுக்குவதானால், பட்டையின் தடிப்புக்கு ஏற்ப அதே தரத்தில் நீளமான போல்ட் வாங்க வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் மரையில் பிடிப்பு குறைந்து, விபத்தில் இருக்கையே பெயர்ந்து வரும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கம்பி இணைப்பைக் கண்டால் அது ஏர்பேக்குக்கானது. அதைப் பிடுங்க வேண்டிய வேலை என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிக்கப்புக்கும் பெரிய எஸ்.யூ.வி.க்கும் நடுக் கன்சோலுக்குள் அப்படியே உட்காரும் 12 கேஜ் பெட்டிகள் கிடைக்கின்றன. கம்பெனி போல்ட் இடங்களிலேயே பொருந்தும், துளை வேண்டாம். கைத்துப்பாக்கிக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும். மாநிலம் தாண்டிப் பயணம் போகும்போது காப்பளிக்கும் 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், தனி டிக்கி இல்லாத வண்டியில் துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கிளவ் பாக்ஸும் கன்சோலும் அந்தக் கணக்கில் சேராது என்கிறது. டாலஸிலிருந்து நியூ ஜெர்சிக்குக் காரில் போகிறவர் தோட்டாவை அகற்றி, பின்பக்கம், கைக்கு எட்டாத இடத்தில், தனிப் பெட்டியில்தான் வைத்துப் போக வேண்டும்.

பூட்டு எது? மூன்று இலக்கச் சக்கரப் பூட்டில் 1,000 சேர்க்கைகள்தான். பொறுமையான பதின்ம வயதுப் பிள்ளை ஒரு மதியத்தில் முடித்துவிடும். கைரேகைப் பூட்டு விளம்பரத்தில் அழகாக இருக்கும். வியர்த்த விரலிலும், பிரியாணி சாப்பிட்ட விரலிலும் அடம்பிடிக்கும். அதைவிட முக்கியமானது ஒன்று. 2023 அக்டோபரில் சுமார் 61,000 கைரேகைப் பெட்டகங்களை நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறச் செய்தது. கைரேகையைப் பதித்துவிட்டதாக வாங்கியவர் நம்புவார். பெட்டகமோ தயாரிப்பு நிலையிலேயே இருந்து யார் விரல் வைத்தாலும் திறக்கும். ஆகவே பதித்ததும் வீட்டிலுள்ள மற்ற எல்லோர் விரலையும் வைத்துத் திறக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். மலிவான மின்னணுப் பூட்டுகளில் தாழ்ப்பாளைப் பிடித்திருப்பது ஒரு சிறிய சொலினாய்டு (மின்காந்த ஊசி); பெட்டியை ஓங்கித் தட்டும்போது அது ஒரு கணம் பின்வாங்கும், அந்தக் கணத்தில் கைப்பிடியைத் திருப்பினால் திறந்துகொள்ளும். காலிப் பெட்டியைப் பூட்டி, நான்கு பக்கமும் ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். திறந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொத்தான் அழுத்தும் இயந்திரப் பூட்டு வண்டிக்கு நல்லது. பேட்டரி வேண்டாம், இருட்டிலும் விரல் தடவித் திறக்கலாம். மாற்றுச் சாவி தருகிற பூட்டு என்றால், அந்தச் சாவி அதே வண்டியின் கிளவ் பாக்ஸில் இருக்கக்கூடாது. சிரிப்பு வரலாம், பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

டெக்சஸ் வெயிலைச் சொல்லாமல் முடியாது. வெளியே 38 டிகிரி செல்சியஸ் என்றால் மூடிய வண்டிக்குள் 55, 60 சாதாரணம். தோட்டா தானாக வெடித்துவிடுமோ என்று கேட்கிறார்கள். அதற்கு இதைவிட மிக அதிகச் சூடு வேண்டும், வெடிக்காது. ஆனால் மாதக்கணக்கில் அந்தச் சூட்டில் கிடந்த தோட்டாவை நம்பக்கூடாது. துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய் வழிந்து ஓடிப்போகும், ஆல்கலைன் பேட்டரி கசிந்து பூட்டைக் கெடுக்கும். தயாரிப்பாளர் அனுமதித்தால் லித்தியம் பேட்டரி போட்டு, பொங்கலுக்குப் பொங்கல் மாற்றுங்கள். ஹூஸ்டன் ஈரப்பதத்தில் தோல் உறைக்குள் விட்டால் துரு. பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு நுரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டால் இன்னும் துரு. பிளாஸ்டிக் உறையும், 40 கிராம் சிலிக்கா ஜெல் பையும் போதும்.

வைக்கும் முறை. எல்லாவற்றையும் கிளம்பும் இடத்திலேயே முடித்துவிட வேண்டும். பார்க்கிங்கில் துப்பாக்கியை எடுத்து, குனிந்து, பின்பக்கம் வைத்துப் பூட்டுகிற காட்சியைப் பார்க்கிறவர்கள் நீங்கள் உள்ளே போகக் காத்திருப்பார்கள். தவறுதலாக வெடிப்பதும் வண்டிக்குள் துப்பாக்கியைக் கையாளும்போதுதான். ஸ்டீயரிங்குக்கும் தொடைக்கும் நடுவே பாதுகாப்பான திசை என்று ஒன்று கிடையாது. வீட்டில், குழாய் முனை பாதுகாப்பான பக்கம் பார்க்க, விரல் விசைக்கு வெளியே இருக்க, முதலில் தோட்டாக்களை அடுக்கிய மேகசினை எடுங்கள். பிறகு துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடை இழுத்து, குழாயின் பின்முனை அறையான சேம்பரில் உள்ள தோட்டாவை வெளியேற்றுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. சேம்பரை முதலில் காலிசெய்துவிட்டு மேகசினை எடுத்தால், ஸ்லைடு திரும்பும்போது அடுத்த தோட்டா சேம்பருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். காலி என்று நம்பிய துப்பாக்கி வெடிப்பது அப்படித்தான். மூன்று முறை இழுத்து, ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவுங்கள். ரிவால்வர் என்றால் உருளையைத் திறந்து அறைகளை எண்ணுங்கள். வெளியே வந்த அதே தோட்டாவைத் தினமும் சேம்பரில் ஏற்றாதீர்கள். குண்டு மெல்ல மெல்லத் தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் எகிறும்.

வழியில் எதிர்பாராமல் இறங்க வேண்டி வந்தால், துப்பாக்கியை உறையிலிருந்து உருவாமல், உறையோடு சேர்த்துக் கழற்றி அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். விசை மூடியிருக்கும் வரை அபாயம் குறைவு. பள்ளிப் பகுதியில் உரிமம் இல்லாதவருக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது.

நீளத் துப்பாக்கிக்குத் துணிப்பை போதாது. பூட்டுப் போட்டாலும் ஜிப்பைப் பேனா முனையால் பிளந்துவிடலாம். கெட்டிப் பெட்டி, இரண்டு பூட்டு, பெட்டியின் கைப்பிடியில் அல்லாமல் பூட்டுத் துளையிலேயே கோத்த சங்கிலி. போல்ட் வகை ரைஃபிளில் சேம்பரை மூடும் பாகமான போல்ட்டையும், ஏ.ஆர். வகை ரைஃபிளில் அந்தப் பாகத்தைத் தாங்கும் போல்ட் கேரியரையும் கழற்றிக் கையோடு எடுத்துப்போனால் திருடர் கையில் கிடைப்பது சுடாத துப்பாக்கி.

பிள்ளைகள் விஷயம் தனி. இருக்கைக்கு அடியில் தளர்வாக வைத்த துப்பாக்கி பிரேக் போட்டதும் வழுக்கிப் பின்னால் போகும். பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையின் காலடியில் போய் நிற்கும். 17 வயதுக்குக் குறைந்தவர் எடுக்கும்படி நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம். கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற கடைக்காரர் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பூட்டுச் சாதனம் சேர்த்தே தருகிறார். 1999இல் தொடங்கிய புராஜெக்ட் சைல்டுசேஃப் என்ற துப்பாக்கிப் பாதுகாப்புத் திட்டத்தின் வழியாகக் காவல் நிலையங்களிலும் கம்பிப் பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது. தோட்டா உறை வெளியேறும் துளை வழியாக நுழைத்து மேகசின் துளை வழியாக இழுத்துப் பூட்டுங்கள். அது திருடரைத் தடுக்கப் போவதில்லை, பிள்ளையைத் தடுக்கும். பெட்டிக்குள் அதையும் போடுங்கள்.

திருட்டுப் போனால் முதலில் கேட்பது வரிசை எண். அது இல்லாமல் எஃப்.பி.ஐ. நடத்தும் நாடு தழுவிய குற்றத் தரவான என்.சி.ஐ.சி.யில் ஏற்ற முடியாது. ஏற்றாவிட்டால் அந்தத் துப்பாக்கி நாளைக்கே வேறொரு ஊர் காவலர் கையில் சிக்கினாலும் உங்களுடையது என்று தெரியாது. எண் துப்பாக்கியின் உடற்பகுதியில் (ஃபிரேமில்) இருக்கும். கிளாக் கம்பெனித் துப்பாக்கியில் முன்பகுதியின் அடியில் சிறு உலோகத் தகட்டில். இன்றே படம் எடுத்து வீட்டில் வையுங்கள். எண் தொலைந்திருந்தால் வாங்கிய கடையின் பதிவேட்டில் இருக்கும். காவல்துறை வழக்கு எண்ணோடு, தரவில் ஏற்றியாயிற்றா என்றும் கேட்டு உறுதிசெய்யுங்கள். காப்பீட்டுக்குக் கார் பாலிசியைத் தேடாதீர்கள். வீட்டு அல்லது வாடகைதாரர் பாலிசிதான். அதிலும் துப்பாக்கித் திருட்டுக்கு 2,500 டாலர் போன்ற உச்சவரம்பு வழக்கமாக இருக்கும். துப்பாக்கி திரும்பக் கிடைத்தால் தரவிலிருந்து நீக்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உங்கள் துப்பாக்கிக்கே நீங்கள் திருடராவீர்கள்.

இனி சங்கங்களிடம் கேட்பது. அறிவிப்பை வாசலிலிருந்து டிக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். நுழைவுச்சீட்டை உறுதிசெய்யும் மின்னஞ்சலில், தமிழிலும் ஆங்கிலத்திலும், இடம் பள்ளியா கோயிலா பூங்காவா என்பதோடு சேர்த்து. வாசல் பலகையையும் சட்டப்படி வையுங்கள்: துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட படம், உரிமம் உள்ளவர் மறைத்தோ வெளியே தெரியவோ துப்பாக்கி ஏந்தி வருவதைத் தடுக்கும் டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06, 30.07 பிரிவுகளுக்குப் போதாது. சட்டம் சொல்லும் வாசகமே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், 1 அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் வேண்டும். உரிமம் இல்லாமல் ஏந்துகிறவர்களுக்கு 30.05 பிரிவின் வாசகம் தனி. பார்க்கிங்கில் ஒளிரும் சட்டை போட்ட தன்னார்வலர் இருவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றட்டும். உறுப்பினர் சந்திப்பில் காவல் நிலையத்திலிருந்து வாங்கிய கம்பிப் பூட்டுகளைக் கேள்வி கேட்காமல் கொடுங்கள். செய்யக்கூடாதவை இரண்டு. வாசலில் துப்பாக்கியை வாங்கி வைக்கும் மேசை போடாதீர்கள். நெரிசலில் நிரப்பிய துப்பாக்கிகள் கைமாறுவதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை, பொறுப்பும் உங்கள் தலையில் விழும். யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியலை வாட்ஸ்அப்பிலோ எக்செல்லிலோ தயாரிக்காதீர்கள். அது திருடருக்கு எழுதித் தரும் முகவரிப் புத்தகம்.

மின்னஞ்சலில் போட ஒரு வாசகம் தருகிறோம். இடப்பெயரை நிரப்பி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"இவ்விழா ........ வளாகத்தில் நடைபெறுகிறது. துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். வேறிடத்திலிருந்து நேரே வருகிறவர்கள் கிளம்பும் இடத்திலேயே தோட்டாவை அகற்றி, வண்டியோடு பிணைத்த பூட்டிய பெட்டியில், வெளியே தெரியாமல் வைத்துவிட்டு வாருங்கள். பார்க்கிங்கில் துப்பாக்கியை வெளியே எடுக்க வேண்டாம். விழா முடிந்து வீடு சேர்ந்ததும் உள்ளே எடுத்துச் செல்லுங்கள். இரவில் வண்டியில் விடாதீர்கள். வண்டியைப் பிறருக்கு ஓட்டக் கொடுக்கும் முன் பெட்டியைக் காலிசெய்யுங்கள்."

இப்படிக்கு,
டெக்சஸ் வாழ் தமிழ்த் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்றுநர்கள் சிலர்